பழைய காரின் தீப்பொறியும் தில்லியின் காற்றும்

தில்லியில் பழைய வண்டிகளை என்ன செய்வது என்ற விவாதம் நெடுநாளாக நடந்துவருகிறது. நகரத்தின் காற்றைக் காக்க அவற்றை உடனே அகற்ற வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. நடுத்தரக் குடும்பங்களின் சேமிப்பில் கைவைக்காதீர்கள் என்கிறது மறுதரப்பு. இரு தரப்பாரும் பேசுவது வண்டியின் வயதைப் பற்றியே. அவ்வண்டியின் எஞ்சினுக்குள் தீப்பொறி தவறாமல் விழுகிறதா என்று எவரும் கேட்டு நான் பார்க்கவில்லை. காற்று மாசை முன்னிட்டு விதி வகுக்கும் ஒரு நகரம் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சமூக அறிவியல் படிக்கும் நண்பர்கள் நடுவில் வரும் எஞ்சின் விவரங்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். என் வாதம் அவ்விவரங்களுக்குள்தான் இருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டு, உரிய கணத்தில் ஒரு மின்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. பேட்டரி தருவதோ 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் முனையில் உள்ள ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட வேண்டுமானால் பல்லாயிரம் வோல்ட் தேவை. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது இக்னிஷன் காயில். குறைந்த சுற்றுகள் கொண்ட ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தித் திடீரெனத் துண்டித்தால், அதனோடு அமைந்த பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் எழும். 1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. பள்ளியில் எல்லாரும் படித்ததே. அவ்வழுத்தத்தைப் பிளக்குக்குக் கொண்டுசெல்வது தடித்த காப்புறையிட்ட கம்பி. பட்டறைகளில் 'பிளக் ஒயர்' என்றும் 'எச்டி லீட்' என்றும் சொல்வார்கள். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் இந்தக் கம்பி இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கும்.

நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை பற்றியெரிய வேண்டும். இவற்றில் சில முறை பொறி தவறினால் உள்ளே வந்த பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். பாடநூல் இதை 'மிஸ்ஃபயர்' என்னும். நாடு முழுவதும் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் 'மிஸ்ஸிங்'. தமிழில் 'வண்டி மிஸ்ஸிங் ஆகுது'. இந்தியில் 'காடி மிஸ்ஸிங் கர் ரஹீ ஹை'. பட்டறைச் சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு பேர் இழுக்க வேண்டிய தேரை ஒருவர் மட்டும் அவ்வப்போது கைவிடுவதைப் போன்றது அது.

இதன் கேடு காருக்குள் முடிவதில்லை. எரியாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாகக் காற்றில் கலக்கிறது. வெயிலில் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு வினைபுரிந்து தரைமட்ட ஓசோனுக்கு வழிசெய்கிறது. அதில் ஒரு பகுதி கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எனப்படும் வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரிகிறது. அங்கே வெப்பம் அளவுமீறி ஏறும். உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிப் பாழாகும். அதன்பின் எஞ்சின் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் வண்டி மாசையே கக்கும். டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டினால் பொதுவாகப் பொருள் இதுதான்: வேகத்தைக் குறை, கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது. சில நூறு ரூபாய்ப் பிளக்கைக் காலத்தில் மாற்றாததால் அதைப் போலப் பல மடங்கு விலையுள்ள பாகம் அழிகிறது. அதைப் புதிதாக வாங்கிப் பொருத்துவோர் அரியர். பிஎஸ் 4 என்னும் தரம் அதன்பின் பதிவுச் சான்றில் மட்டுமே மிஞ்சும்.

துவாரகாவில் நான் குடியிருக்கும் கூட்டுறவுக் குடியிருப்பில் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மத்திய அரசுப் பணிக்காகத் தில்லி வந்து, இப்பகுதியைப் பப்பன்கலான் என்று மக்கள் அழைத்த நாளிலேயே வீட்டுக்குப் பணம் கட்டியவர். 2011இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருக்கிறார். எந்த நிறுவனத்துக் கார் என்பது இங்கே தேவையில்லை. மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் இயன்முறைச் சிகிச்சைக்கு ஜனக்புரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மெட்ரோவின் நீலத் தடம் அருகில்தான் ஓடுகிறது. ஆனால் நிலையம் வரை நடப்பது அந்த அம்மையாரால் ஆகாது. சென்ற மழைக்காலத்தில் அந்தக் கார் மிஸ்ஸிங் ஆகத் தொடங்கியது. மழை பெய்த மறுநாள் காலையில் நின்ற இடத்திலேயே நடுங்கும். வெயிலேறினால் நடுக்கம் போய்விடும். ஆனால் மேம்பாலம் ஏறும்போது இழுவையில்லாமல் திணறும்.

முதலில் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டுசென்றார். அரை மணி நேரத்தில் மதிப்பீட்டுத் தாள் கைக்கு வந்தது. காயில்கள், நான்கு பிளக், கம்பித் தொகுதி, இஞ்செக்டர் சுத்தம், த்ராட்டில் பாடி சுத்தம், ஆக்சிஜன் சென்சார். மொத்தம் 18,000 ரூபாய்க்கு மேல். தாளைக் கொடுத்தவர் கூடவே ஓர் அறிவுரையும் சொன்னாராம்: "பதினஞ்சு வருஷம் ஆகப்போகுது அங்கிள்ஜி, இதுல பணம் போடாதீங்க, வித்துடுங்க." இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் மாற்று, இல்லையேல் மொத்தத்தையும் விற்றுத் தொலை. எது பழுது என்ற கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை.

அவர் பிறகு சென்றது, சந்தையின் பின்புறம் வேப்பமரத்தடியில் கருவிப்பெட்டியோடு அமர்ந்திருக்கும் மிஸ்திரியிடம். (நம் ஊர் 'மேஸ்திரி'யும் வடக்கின் 'மிஸ்திரி'யும் போர்த்துகீசிய 'மெஸ்த்ரே'யின் வழிவந்தவை, ஆசான் என்று பொருள்.) நானும் உடன் சென்றிருந்தேன். எதையும் கழற்றுமுன் அவர் கேள்விகள் கேட்டார். குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? சமதளத்திலா, ஏற்றத்திலா? மழைக்குப் பின்னா? பிளக் கடைசியாக எப்போது மாற்றியது? ஒவ்வொரு விடையும் சந்தேகப் பட்டியலிலிருந்து ஒன்றைக் குறைத்தது. ஏற்றத்தில் திணறுவதற்குக் காரணம் உண்டு. பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் முனையில் பொறி பாய மேலும் உயர்ந்த வோல்ட் தேவைப்படுகிறது. கம்பியின் உறையில் வெடிப்பு இருந்தால் மின்சாரம் அவ்வழியே எஞ்சினின் உலோகத்துக்குக் கசிந்துவிடுகிறது. ஈரம் அக்கசிவுக்குத் துணை. காயிலுக்குள் காப்பு விரிசல் கண்டிருந்தால் பெரும்பாலும் கதை வேறாக இருக்கும்: குளிர்ந்த நிலையில் ஒழுங்காக ஓடும், சூடேறியபின் விட்டுவிடும்.

அடுத்து அவர் செய்தது ஆய்வுமுறை வகுப்பில் வைத்துக் காட்டத் தக்கது. அவ்வண்டியில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டு காயில்கள். ஒன்று முதலாம் நான்காம் சிலிண்டர்களுக்கும், மற்றது இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கும் பொறி கொடுக்கும். ஸ்கேனர் காட்டிய குறி பி 0303, அதாவது மூன்றாம் சிலிண்டர் மட்டும். காயிலே கெட்டிருந்தால் அதன் இணையான இரண்டாம் சிலிண்டரும் தவறியிருக்கக் கூடும், தவறவில்லை. ஆகவே காயில் மீதான சந்தேகம் தளர்ந்தது. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, மூன்றாம் சிலிண்டரின் பிளக்கை முதலாம் சிலிண்டருக்கும் முதலாவதை மூன்றாவதுக்கும் மாற்றினார். குறியை அழித்துவிட்டு மேம்பாலம் வரை ஓட்டி வந்தோம். பழுது மூன்றாம் சிலிண்டரிலேயே நின்றது. பிளக் குற்றமற்றது. அடுத்து, நீளம் ஒத்துவந்த நான்காம் சிலிண்டரின் கம்பியை மூன்றாவதுக்கு மாற்றினார். இம்முறை குறி பி 0304. பழுது கம்பியோடு நகர்ந்திருந்தது.

நான் கையில் வைத்திருந்த மல்டிமீட்டரால் அந்தக் கம்பியை அளந்தேன். மற்ற மூன்றையும் போலவே அதுவும் சில ஆயிரம் ஓம் காட்டியது. அளவின்படி அது நல்ல கம்பி. மிஸ்திரி சிரித்துவிட்டு, இருட்டட்டும் என்றார். இருட்டியபின் பானட்டைத் திறந்து, கம்பிகள் மீது தண்ணீரை லேசாகத் தெளித்து, கையை எட்ட வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டார். ஒரு கம்பியின் அடிப்பகுதியிலிருந்து நீலப் பொறி எஞ்சின் உலோகத்துக்குத் தாவித் தாவி விழுந்தது. உள்ளிருக்கும் கடத்தி நன்றாயிருந்தது, உறைதான் வெடித்திருந்தது. மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளக்கும் கருவி. பல்லாயிரம் வோல்ட்டில் உறை தாங்குமா என்று அதனால் சொல்ல இயலாது.

நான்கு கம்பிகளையும் மாற்றச் சொன்னார். ஒன்று வெடித்தால், அதே சூட்டில் அத்தனை ஆண்டுகள் கிடந்த மற்ற மூன்றும் வெகுநாள் தாங்கா என்பது அவர் வாதம். அது சரியான வாதம். வயதும் ஒரு சான்றுதான். ஆனால் எந்தப் பாகம் பழுதென்று கண்டபின், அந்தப் பாகத்தின் வயதையே அவர் கணக்கில் எடுத்தார். பிளக்குகளின் முனையும் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்ததால் அவற்றையும் மாற்றினார். கூலியோடு 2,100 ரூபாய் ஆயிற்று. காயில்கள் இன்றுவரை பழையவையே.

சொந்தமாகச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சில குறிப்புகள். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். முனையிலுள்ள ரப்பர் தொப்பியைப் பிடித்துச் சற்றுத் திருகி எடுங்கள். எஞ்சின் ஓடும்போது கம்பியைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய வழக்கம் காயிலையும் கெடுக்கும், ஆளையும் தூக்கியடிக்கும். பிளக்கைக் கழற்றுமுன் குழியிலுள்ள மண்ணை ஊதிவிடுங்கள். மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள்; அலுமினிய மரை ஒருமுறை கெட்டால் செலவு பெரிது. கழற்றிய பிளக்கின் முகம் பலவற்றைச் சொல்லும். இளம்பழுப்பு, நலம். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு, எஞ்சின் ஆயில் உள்ளே ஏறுகிறது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் அளவுமீறிய சூடு. புதிய பிளக்கானாலும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, வண்டியின் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். சந்தையில் போலிகள் மிகுதி.

பழுது எதோடு நகர்கிறது என்று பார்ப்பது நியாய மரபு அன்வயம், வியதிரேகம் என்று சொல்வதற்கு நெருங்கியது. 1843இல் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த வேறுபாட்டு முறையும் இதுவே. ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்களோடு இருந்து ஆராய்ந்து 1996இல் 'டாக்கிங் அபௌட் மெஷின்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். நிறுவனத்தின் கையேடுகளைக் காட்டிலும், அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழுதுக் கதைகளில்தான் அந்த அறிவு உயிரோடிருக்கிறது என்று காட்டிய நூல் அது. நம் மிஸ்திரியின் கேள்விகளும் அத்தகைய கதைகளிலிருந்து வந்தவை. நம் பல்கலைக்கழகங்களில் இவ்வறிவுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

இவ்வறிவு ஒருகாலத்தில் வீடுகளிலும் இருந்தது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய நாளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, கண்டன்சரை மாற்றத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்தார். பிளக் என்றால் மைக்கோ. அந்நிறுவனம் 1951இல் பெங்களூரில் தொடங்கியது. காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் என்றால் லூகாஸ் டிவிஎஸ். அதன் ஆலை சென்னைப் பாடியில். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ஐயும் அதன் உரிமையாளர்கள் முதலில் அவ்வாறே பேணினர். பின்னர் பாயிண்ட் போயிற்று, டிஸ்ட்ரிபியூட்டர் போயிற்று, காயில் பிசினுக்குள் புதைந்தது. வண்டி மேம்பட்டது; தேய்மானம் குறைந்தது. அதற்காக வருந்துவது மூடத்தனம். ஆனால் திறந்து பார்க்க முடியாத பாகத்தை மாற்றி மட்டுமே பார்க்க முடியும் என்ற பழக்கம் அதோடு வந்தது. அப்பழக்கம் மெல்ல மெல்ல வண்டி முழுவதற்கும் பரவியது.

அரசின் விதிகளும் அதே பழக்கத்தின் வழியில் வந்தவையே என்று நினைக்கிறேன். 15 ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலையில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது. 2015 ஏப்ரலில் டீசலுக்கு 10 ஆண்டு என்ற எல்லை வந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே வழங்கக் கூடாதென்று காற்றுத்தர மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டு, பெட்ரோல் நிலையங்களில் எண்பலகையைப் படிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. தில்லியில் அவ்வாறான வண்டிகள் ஏறத்தாழ 62 லட்சம் என்று சொல்லப்பட்டது. சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணங்காட்டி உரிமையாளர்மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது. டிசம்பர் 17 அன்று அப்பாதுகாப்பைப் பிஎஸ் 4 மற்றும் அதற்கு மேற்பட்ட தரத்து வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. தில்லியில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ் 4 வந்துவிட்டதால் கும்பகோணத்துப் பெரியவரின் கார் அதற்குள் அடங்குகிறது.

இந்தப் பதினோராண்டுப் பயணத்தில் ஒரு முன்னேற்றம் உண்டு. பிறந்த ஆண்டைப் பார்த்தவர்கள் இப்போது பிறந்த தரத்தைப் பார்க்கிறார்கள். பிறப்பைக் கொண்டு தகுதியை அளக்கும் வழக்கத்தைப் பற்றி நம் மண்ணில் போதுமான அளவு பேசியாயிற்று. எந்திரத்துக்கு அதை நீட்டிப்பது மிகை என்று நண்பர்கள் சொல்லலாம். இருப்பினும் கேட்கிறேன்: எட்டு வயதான ஒரு கார், காயில் கெட்டு, கன்வெர்ட்டர் உருகி, நாளெல்லாம் எரியாத பெட்ரோலை ஊதிக்கொண்டு போனால் எந்த விதி அதைத் தடுக்கிறது?

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க இயலாது. வயது ஒரு தோராயக் குறியீடுதான், ஆனால் நிர்வாகத்துக்கு எளிது. பதிவெண்ணைப் பார்த்தால் போதும். பேரம் பேச இடம் குறைவு. லட்சக்கணக்கான வண்டிகளின் பானட்டைத் திறந்து பார்க்கும் அரசு எங்கே இருக்கிறது? மேலும், வயதான வண்டிகள் சராசரியில் கூடுதல் மாசை உமிழ்கின்றன என்பதிலும் ஐயமில்லை. தில்லி உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானதே 1995 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய காரை எத்தனை பிளக் மாற்றினாலும் இன்றைய தரத்துக்குக் கொண்டுவர முடியாது. பழைய டீசலுக்கு நான் வாதாடவே இல்லை. அதற்கு ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, பிஎஸ் 6 டீசலில் இருக்கும் துகள் வடிகட்டியும் கிடையாது. என் வாதம் பிஎஸ் 4க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றியது. ஆண்டு கூடக் கூட அவற்றின் எண்ணிக்கைதான் பெருகப் போகிறது.

அவற்றைப் பார்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லாமல் இல்லை. பியூசி சோதனை அதற்கென்றே இருக்கிறது. பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு, எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டுக்கும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்கும் மிகக் கூடாது. இவ்விரு எண்களும் வெறும் தேர்ச்சி மதிப்பெண்கள் அல்ல. கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்று பொருள். சென்சாரையும் இஞ்செக்டரையும் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஒழுங்காக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் முதல் சந்தேகம் பொறிமீது. பிளக், கம்பி, காயில். நோயறியும் குறிப்பு சீட்டிலேயே அச்சாகி வருகிறது. வாங்கியவர் அதை மடித்து டாஷ்போர்டில் செருகுகிறார்.

அச்சோதனையும் எப்படி நடக்கிறது என்பதை 2025 ஏப்ரலில் தில்லிச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்காயர் அறிக்கை சொல்கிறது. வரம்பைக் கடந்த அளவு பதிவாகியும் 1.08 லட்சம் வண்டிகள் தேர்ச்சி பெற்றதாகச் சான்று பெற்றிருந்தன. ஒரே நிலையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாகப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சென்ற டிசம்பர் 18 முதல் பியூசி சான்று இல்லாத வண்டிக்கு எரிபொருள் இல்லை என்ற விதியும் வந்தது. நிலையங்களில் வரிசை நீண்டது. சான்றின் மதிப்பு கூடியது. சோதனையின் மதிப்பு கூடியதா என்பது வேறு கேள்வி. நேர்மையாக நடந்தாலும் அச்சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பெரியவரின் கார் மேம்பாலத்தில் திணறிக்கொண்டிருந்த வாரங்களிலும் அவரிடம் செல்லுபடியாகும் சான்று இருந்தது. வெயில் நாளில், நின்ற இடத்தில், பாரமில்லாமல் அந்தக் கம்பி கசியாது. பிஎஸ் 4 காருக்குச் சான்று ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் வண்டியின் கணினி அக்கசிவைப் பார்த்திருந்தது. மூன்றாம் சிலிண்டர் என்று எழுதியும் வைத்திருந்தது. சோதனை நிலையத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

கேட்பது கடினமும் அன்று. 2013 ஏப்ரல் முதல் விற்ற புதிய கார்களில் ஓபிடி 2 என்ற தன்கண்காணிப்பு ஏற்பாடு கட்டாயம். அதைப் படிக்கும் எளிய ஸ்கேனர் இன்று ஒரு நல்ல ஷூவின் விலைக்குக் கிடைக்கிறது. புகைக்குழாயில் குழலைச் செருகும் அதே இரண்டு நிமிடத்தில் கணினியின் குறிகளையும் படித்துச் சீட்டில் அச்சிடலாம். குறிகளைச் சற்றுமுன் அழித்துவிட்டு வந்திருந்தால் அதுவும் தெரியும். கணினியின் தற்சோதனைகள் முடிவுறாத நிலையில் இருக்கும். பிரிட்டனில் மூன்று ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும், ஜப்பானிலும் ஜெர்மனியிலும் பொதுவாக ஈராண்டுக்கொருமுறை, வண்டியின் நிலையைச் சோதிக்கிறார்கள். வயது அங்கே தண்டனைக்குரிய குற்றமில்லை. துவாரகாவிலிருந்து நஜஃப்கட் பக்கம் சென்றால் ஜுல்ஜுலியில் தானியங்கிச் சோதனை மையமே இருக்கிறது, வணிக வண்டிகளுக்கு.

கழித்துக் கட்டுவதும் அவ்வளவு தூய்மையான செயலன்று. பக்கத்து மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையை இதைப் படிக்கும் தில்லிவாசிகள் அறிவர். 2010இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, பல்லாண்டு பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை உள்ளே என்ன இருக்கிறதென்று பாராமல் ஏலத்தில் விட்டது. மாயாபுரியில் அதை உடைத்தபோது வெளிப்பட்ட கோபால்ட் 60ஆல் ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். காரும் அதுவும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆயினும் பழையது என்ற ஒரே காரணத்துக்காக, திறந்து பாராமல் கைகழுவும் வழக்கம் படித்தவர்களிடமும் உண்டு என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று கிடைக்கவில்லை.

துவாரகா செக்டர் 3இல் நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரின் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று அதன் பழைய பெயரிலேயே, என்எஸ்ஐடி துவாரகா என்று, நாள்தோறும் எண்களை வெளியிடுகிறது. அவ்வளாகத்தின் மாணவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரு நாள், அருகிலுள்ள குடியிருப்புகளின் வண்டிகளை ஸ்கேனரில் படித்து, பொறி தவறும் வண்டிகள் எத்தனை, அவற்றின் வயது என்ன என்று பட்டியலிட்டால் போதும். இன்று ஊகமாகப் பேசும் நமக்கு எண்கள் கிடைக்கும். என் வாதம் பிழையென்று அவ்வெண்கள் காட்டினாலும் நன்றே. அதோடு, முன்னரே கற்ற தொழிலுக்குச் சான்றளிக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வேப்பமரத்தடி மிஸ்திரிக்கு அத்திட்டத்தைப் பற்றி எவரும் சொன்னதில்லை. சென்ற வாரம் அதற்கான விண்ணப்ப விவரங்களை இந்தியில் எழுதிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கேட்பார்களா என்றுதான் முதலில் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அத்திட்டத்தில் பணியாற்றுவோர் இதைப் படித்தால் பின்னூட்டத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.